ஆப்இமேஜ் முழு வழிகாட்டி: ஒரே கோப்பில் வரும் செயலியை இயக்க, பராமரிக்க, நீங்களே உருவாக்க

டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்டிஎஸ் போன்று அடிக்கடி மாறாத லினக்ஸ் வகைகளை (டிஸ்ட்ரோக்களை) வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கடம்தான். கிரிட்டா என்ற ஓவியச் செயலியிலோ கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரிலோ புதிதாக ஒரு வசதி வந்திருக்கும். டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் பழைய பதிப்புதான் கிடைக்கும். அந்த மென்பொருளின் தளத்துக்குப் போனால், லினக்ஸுக்கென்று ஒரே ஒரு கோப்பு இருக்கும். அதுதான் ஆப்இமேஜ். பதிவிறக்கி, இயக்க அனுமதி கொடுத்து, இரண்டு முறை சொடுக்கினால் செயலி திறந்துவிடும். ரூட் கடவுச்சொல் வேண்டாம், கணினியில் வேறு எதுவும் மாறாது.

இது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் மென்பொருளை நிறுவிப் புதுப்பித்துத் தரும் ஆப்ட், டிஎன்எஃப் போன்ற பேக்கேஜ் மேனேஜர்கள் நமக்குத் தெரியாமலே செய்துகொண்டிருந்த வேலைகள் சில உண்டு. கோப்பை எங்கே வைப்பது, மெனுவில் எப்படிச் சேர்ப்பது, எப்போது புதுப்பிப்பது, வந்த கோப்பு உண்மையானதுதானா என்று எப்படிப் பார்ப்பது, நீக்கும்போது என்ன மிஞ்சும் என்பவையெல்லாம் ஆப்இமேஜில் நம் பொறுப்புக்கு வந்துவிடுகின்றன. இவற்றுக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டால் ஆப்இமேஜைப் போல நிம்மதியானது இல்லை. இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் டவுன்லோட்ஸ் கோப்புறை முழுக்க ஒரே செயலியின் நான்கு பதிப்புகள் கிடக்கும், எது எதுவென்று தெரியாது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

சைமன் பீட்டர் 2004-இல் 'கிளிக்' என்ற பெயரில் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சி இது. ஒரு செயலிக்கு ஒரு கோப்பு என்பதே அன்று முதல் இதன் கொள்கை.

இன்று புழங்குவது இரண்டாம் வகை ஆப்இமேஜ். அதன் முன்பகுதியில் 'ரன்டைம்' எனப்படும் ஒரு சிறிய நிரல் இருக்கும். அதை ஒட்டி, ஸ்குவாஷ்எஃப்எஸ் முறையில் சுருக்கப்பட்ட ஒரு முழுக் கோப்பமைப்பு இருக்கும். செயலியும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் ஐகான்களும் அதற்குள்தான். கோப்பை இயக்கியதும் ரன்டைம் அந்தப் பகுதியை ஃபியூஸ் (சாதாரணப் பயனரும் கோப்பமைப்புகளை இணைக்க உதவும் லினக்ஸ் வசதி) உதவியோடு 'டிஎம்பி' கோப்புறைக்குள் ஒரு தற்காலிக இடத்தில் மவுன்ட் செய்து, அதாவது ஒரு கோப்புறைபோல இணைத்து, அதிலுள்ள 'ஆப்ரன்' என்ற கோப்பைத் தொடங்கிவைக்கும். செயலியை மூடியதும் மவுன்ட் கழன்றுவிடும். எதுவும் பிரித்து வைக்கப்படுவதில்லை, எதுவும் நிறுவப்படுவதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் இரண்டு உண்மைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிச் சிக்கல்களுக்கு விளக்கம் இவற்றில்தான் இருக்கிறது. ஒன்று, மவுன்ட் ஆகும் பகுதி படிக்க மட்டுமே. செயலி தன் சொந்தக் கோப்புறைக்குள் எதையும் எழுத முடியாது. இரண்டு, ஃப்ளாட்பேக், ஸ்னாப் என்ற வேறு பேக்கேஜ் முறைகளில் இருப்பதுபோன்ற சாண்ட்பாக்ஸ், அதாவது செயலியை அடைத்துவைக்கும் வேலி, இதில் இயல்பாகக் கிடையாது. உங்கள் ஹோம் கோப்புறையில் நீங்கள் படிக்க முடிந்த எதையும் அந்தச் செயலியும் படிக்கும்.

படி 1: சரியான கோப்பை, சரியான இடத்திலிருந்து எடுப்பது

சாண்ட்பாக்ஸ் இல்லாததால், எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் முதல் பாதுகாப்பு. மென்பொருளின் அதிகாரபூர்வத் தளம், அல்லது அதே திட்டத்தின் கிட்ஹப் வெளியீட்டுப் பக்கம் இரண்டைத் தவிர வேறெங்கும் எடுக்க வேண்டாம்.

கோப்பின் பெயரில் பெரும்பாலும் ப்ராசசர் வகையும் இருக்கும். இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு எக்ஸ்86_64. ராஸ்பெர்ரி பை போன்ற 64 பிட் ஆர்ம் பலகைகளுக்கு ஏஆர்ச்64. மாற்றி எடுத்துவிட்டால் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று டெர்மினல் சொல்லும்.

கடவுச்சொல் மேலாளர் போன்ற செயலிகளை எடுக்கும்போது கையொப்பத்தையும் சரிபாருங்கள். கீபாஸ்எக்ஸ்சி தன் ஆப்இமேஜோடு எஸ்எச்ஏ256 தொகையையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) ஜிபிஜி கையொப்பத்தையும் (உருவாக்கியவர்களின் டிஜிட்டல் கையொப்பம்) சேர்த்தே வெளியிடுகிறது. தொகையை மட்டும் ஒப்பிட்டால் பதிவிறக்கம் வழியில் கெட்டுப்போகவில்லை என்பது தெரியும், அவ்வளவுதான். கோப்பு வைத்திருக்கும் தளத்தையே யாராவது கைப்பற்றியிருந்தால் தொகையையும் மாற்றியிருப்பார்கள். கையொப்பம்தான் அங்கே உதவும். ஆப்இமேஜுக்குள்ளேயே கையொப்பத்தைப் பதிக்க வழி உண்டு; ஆனால் கோப்பை இயக்கும்போது அதை யாரும் தானாகச் சரிபார்ப்பதில்லை.

படி 2: இயக்க அனுமதி, அப்புறம் ஃபியூஸ்

கோப்பின் மேல் வலது சொடுக்கி, பண்புகளில் 'நிரலாக இயக்கலாம்' என்ற அனுமதியைக் கொடுங்கள். டெர்மினலில் என்றால் 'சிஎச்மாட்' கட்டளையோடு கூட்டல் குறியும் எக்ஸும் போட்டு, பின்னால் கோப்பின் பெயர். பென் டிரைவிலிருந்து இயக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்ஏடி32 முறையில் இருக்கும் டிரைவில் இந்த அனுமதியைச் சேமிக்கவே இடம் இல்லை, எனவே பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அங்கிருந்து ஆப்இமேஜ் ஓடாது. டிரைவை இஎக்ஸ்டி4 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது கோப்பை ஹோமுக்குள் நகலெடுத்து இயக்கலாம்.

அனுமதி கொடுத்தும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், டெர்மினலைத் திறந்து அங்கிருந்து இயக்கிப் பாருங்கள். சொடுக்கி இயக்கும்போது மறைந்துபோகும் பிழைச் செய்தி அங்கே தெரியும். அதிகம் பேர் பார்ப்பது லிப்ஃபியூஸ் இரண்டாம் பதிப்பு இல்லை என்ற செய்தியைத்தான். உபுண்டு 22.04 முதல் அது இயல்பாக வருவதில்லை. 22.04-இல் 'லிப்ஃபியூஸ்2' என்ற பேக்கேஜையும், 24.04-இல் 'லிப்ஃபியூஸ்2டி64' என்ற பேக்கேஜையும் நிறுவுங்கள். ஃபெடோராவில் அது 'ஃபியூஸ்-லிப்ஸ்'. உபுண்டுவில் வெறும் 'ஃபியூஸ்' என்ற பேக்கேஜை மட்டும் நிறுவிவிடாதீர்கள். அது மூன்றாம் பதிப்பைத் தூக்கிவிட்டு வரும், கூடவே டெஸ்க்டாப்புக்குத் தேவையான சில பகுதிகளும் போய்விடக்கூடும். அண்மைக் காலத்தில் கட்டப்படும் ஆப்இமேஜ்களில் புதிய ரன்டைம் இருக்கிறது. அதில் இந்த லைப்ரரி உள்ளேயே இணைந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

எதையும் நிறுவ அனுமதி இல்லாத அலுவலகக் கணினியிலும் வழி இருக்கிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இரண்டு சிறுகோடு போட்டு 'ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட்-அண்ட்-ரன்' என்று கொடுத்தால், ஃபியூஸ் இல்லாமலே தற்காலிகமாகப் பிரித்து இயக்கும். தொடங்கச் சற்று நேரம் பிடிக்கும். 'ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட்' என்று மட்டும் கொடுத்தால் 'ஸ்குவாஷ்எஃப்எஸ்-ரூட்' என்ற கோப்புறையில் எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிடும். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆப்இமேஜ் உருவாக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் கிரிட்டாவின் கோப்பை ஒருமுறை இப்படிப் பிரித்து மேய்ந்துவிட்டு வாருங்கள்.

உபுண்டு 24.04-இல் எலக்ட்ரான் (இணைய உலாவியின் தொழில்நுட்பத்தில் டெஸ்க்டாப் செயலி எழுதும் முறை) வகைச் செயலிகளுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. சாதாரணப் பயனரின் நிரல்கள் 'யூசர் நேம்ஸ்பேஸ்' என்ற தனிமைப்படுத்திய சூழலை உருவாக்குவதை அங்கே ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு கட்டுப்படுத்துகிறது. எலக்ட்ரானின் உள் சாண்ட்பாக்ஸுக்கு அது வேண்டும், கிடைக்காததால் செயலி திறக்காமலே மூடிவிடும். இணையத்தில் பலரும் 'நோ-சாண்ட்பாக்ஸ்' என்று சேர்த்து இயக்கச் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் இணையத்திலிருந்து எதையாவது காட்டும் செயலிக்கு அதைச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இருக்கிற ஒரே பாதுகாப்பையும் கழற்றுவது அது. 'ஈடிசி' கோப்புறைக்குள் இருக்கும் 'ஆப்ஆர்மர்.டி'யில், அந்த ஆப்இமேஜின் முழுப் பாதையைக் குறிப்பிட்டு, 'யூசர்என்எஸ்' அனுமதி தரும் சிறிய ப்ரொஃபைல் ஒன்றை எழுதுவதே முறை. அதற்குக் கோப்பின் இடமும் பெயரும் மாறாமல் இருக்க வேண்டும்.

படி 3: ஒரே இடம், மாறாத பெயர்

ஹோமுக்குள் 'ஆப்இமேஜஸ்' என்று ஒரு கோப்புறை உருவாக்குங்கள். எல்லா ஆப்இமேஜும் அங்கே மட்டும் இருக்கட்டும். அப்புறம் கோப்பின் பெயரிலிருந்து பதிப்பு எண்ணை எடுத்துவிடுங்கள். வெறும் 'கிரிட்டா.ஆப்இமேஜ்' போதும். மெனு குறுக்குவழி, ஆப்ஆர்மர் ப்ரொஃபைல், அடுத்துச் சொல்லப்போகும் போர்ட்டபிள் கோப்புறை எல்லாமே கோப்பின் பெயரை நம்பித்தான் இருக்கின்றன. பெயர் மாறினால் அத்தனையும் அறுந்துபோகும். பதிப்பு எண் வேண்டுமென்றால் செயலிக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம்.

மெனுவில் சேர்க்கும் வேலையைக் கையால் செய்ய, ஹோமில் மறைந்திருக்கும் '.லோக்கல்' கோப்புறைக்குள் 'ஷேர்', அதற்குள் 'அப்ளிகேஷன்ஸ்' என்று போய், '.டெஸ்க்டாப்' என்று முடியும் ஓர் உரைக் கோப்பை எழுத வேண்டும். வகை, பெயர், இயக்க வேண்டிய முழுப் பாதை, ஐகான், பிரிவு ஆகிய ஐந்து வரிகள் போதும். 'நேம்' என்ற வரிக்குக் கீழே, அதே சொல்லோடு சதுர அடைப்புக்குறிக்குள் 'டிஏ' என்ற மொழிக் குறியீட்டைச் சேர்த்து இன்னொரு வரி எழுதினால், தமிழ் டெஸ்க்டாப்பில் செயலியின் பெயர் தமிழிலேயே தெரியும்.

இதையெல்லாம் ஒரு மேலாளரிடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கு என் பரிந்துரை கியர் லீவர். ஃப்ளாட்பேக் செயலிகளின் களஞ்சியமான ஃப்ளாட்ஹப்பில் கிடைக்கிறது. ஆப்இமேஜை அதன் சாளரத்தில் இழுத்துப் போட்டால், முதலில் இந்தக் கோப்பை நம்புகிறீர்களா என்று கேட்கும். ஒப்புக்கொண்டதும் கோப்பை ஹோமில் உள்ள அந்த 'ஆப்இமேஜஸ்' கோப்புறைக்கு நகர்த்தி, மெனுவில் ஐகானோடு சேர்த்து, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லும். ஆப்இமேஜ்லாஞ்சர் என்ற பழைய கருவியும் பலருக்குப் பழக்கம். ஆப்இமேஜை முதன்முறை சொடுக்கும்போதே குறுக்கிட்டு, மெனுவில் சேர்க்கட்டுமா என்று கேட்கும் அதன் முறை அழகானது. ஆனால் கணினியின் உள்ளமைப்பில் கை வைத்துத்தான் அது அப்படிக் குறுக்கிடுகிறது. இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கியர் லீவரையே சொல்வேன்.

டெர்மினலில் வாழ்பவர்களுக்கு ஏஎம் என்ற மேலாளர். ஆப்ட் போலவே பெயரைச் சொல்லி நிறுவலாம், ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் புதுப்பிக்கலாம். ஏஎம் 'ஓபிடி' என்று ஆங்கிலத்தில் எழுதும் அடைவில் எல்லாப் பயனருக்கும் நிறுவும், அதற்கு ரூட் அனுமதி வேண்டும். அதன் இணையான ஆப்மேன் உங்கள் ஹோமுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும்.

படி 4: அமைப்புகளைக் கூடவே எடுத்துச் செல்வது

செயலி ஒரே கோப்பாக இருந்தாலும் அதன் அமைப்புகள் வழக்கம்போல ஹோமில் உள்ள மறை கோப்புறைகளில்தான் சேரும். அவற்றையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டுமானால், ஆப்இமேஜுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு '.ஹோம்' என்று முடியும் கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். ரன்டைம் அதைக் கண்டதும் செயலியின் ஹோமாக அதையே காட்டும். '.கான்ஃபிக்' என்று முடித்தால் அமைப்புகள் மட்டும் அங்கே போகும். இரண்டு கணினிகளுக்கு இடையே இஎக்ஸ்டி4 டிரைவில் வேலையைச் சுமந்து திரிபவர்களுக்கு இது பெரிய வரம்.

படி 5: புதுப்பிப்பது, நீக்குவது

நல்ல முறையில் கட்டப்பட்ட ஆப்இமேஜுக்குள் அதன் புதிய பதிப்பு எங்கே கிடைக்கும் என்ற குறிப்பும் பதிந்திருக்கும். 'ஆப்இமேஜ்-அப்டேட்இன்ஃபர்மேஷன்' என்ற விருப்பத்தோடு இயக்கினால் அந்தக் குறிப்பைக் காட்டும். காலியாக இருந்தால், புதுப்பிப்பை நீங்களேதான் கவனிக்க வேண்டும். குறிப்பு இருந்தால் ஆப்இமேஜ்அப்டேட் என்ற கருவி அதைப் படித்து, இசட்சிங்க் முறையில் மாறிய பகுதிகளை மட்டும் இறக்கும். பழைய கோப்பில் ஏற்கெனவே இருக்கும் துண்டுகளை மறுபடி இறக்காது. மொபைல் டேட்டாவில் காலம் தள்ளுபவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஆப்இமேஜ் பிடித்துப்போகும். புதிய பதிப்பை ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கும்வரை பழைய கோப்பை அழிக்க வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் உடனே திரும்பிவிடலாம்.

நீக்குவதற்குக் கோப்பை அழித்தால் போதும். மெனு குறுக்குவழியைக் கையால் எழுதியிருந்தால் அதையும் அழியுங்கள். '.கான்ஃபிக்', '.கேஷ்', '.லோக்கல்' கோப்புறைகளுக்குள் அந்தச் செயலியின் பெயரில் மிஞ்சியிருப்பதையும் ஒருமுறை பாருங்கள்.

முழுதாக நம்ப முடியாத செயலியை இயக்கியே ஆக வேண்டும் என்றால், செயலியை அடைத்து இயக்கும் ஃபயர்ஜெயில் உதவும். அதற்கு ஆப்இமேஜுக்கென்றே தனி விருப்பம் இருக்கிறது.

தமிழ் தட்டச்சு வேலை செய்யவில்லையா?

இதற்குத் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். டிஸ்ட்ரோவிலிருந்து நிறுவிய செயலியில் தமிழ் அருமையாக வரும், அதே செயலியின் ஆப்இமேஜில் ஆங்கிலம் மட்டும்தான் விழும். எழுத்துருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணினியில் நிறுவிய தமிழ் எழுத்துருக்கள் ஆப்இமேஜுக்கும் அப்படியே தெரியும். சிக்கல் உள்ளீட்டு முறையில், அதாவது தமிழ்த் தட்டச்சைச் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ்5 போன்ற நிரல்களோடு இணைவதில். கியூட்டி என்ற செயலிக் கட்டமைப்பில் எழுதப்பட்ட ஆப்இமேஜ் தன் சொந்தக் கியூட்டி லைப்ரரிகளைச் சுமந்து வருகிறது. அதோடு ஐபஸ் செருகுநிரல் வந்திருந்தால் ஐபஸ் வழியாகத் தமிழ் வரும். எஃப்சிஐடிஎக்ஸ்5-க்கான செருகுநிரல் கியூட்டியோடு வருவதில்லை, அது தனி வெளியீடு. எனவே எஃப்சிஐடிஎக்ஸ்5 பயன்படுத்துபவர்களுக்கு ஆப்இமேஜில் தட்டச்சு நின்றுபோகிறது.

அதற்கு ஒரு மாற்று வழி உண்டு. எஃப்சிஐடிஎக்ஸ்5 ஐபஸின் மொழியையும் பேசும். 'கியூட்டி_ஐஎம்_மாட்யூல்' என்ற சூழல் மாறியை 'ஐபஸ்' என்று வைத்து ஆப்இமேஜை இயக்கிப் பாருங்கள். மெனு குறுக்குவழியில் இயக்கும் வரியின் முன்னால் 'என்வ்' கட்டளையோடு இதைச் சேர்த்துவிட்டால் நிரந்தரமாகிவிடும். ஐபஸ் செருகுநிரலே உள்ளே இல்லையென்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, உருவாக்கியவர்களிடம்தான் சொல்ல வேண்டும். தயங்காமல் சொல்லுங்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கில விசைப்பலகை மட்டும் வைத்துச் சோதிப்பவர்கள், இப்படி ஒரு குறை இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நீங்களே ஓர் ஆப்இமேஜ் கட்டுவது

கியூட்டியில், சிமேக் என்ற கட்டுமானக் கருவி வைத்து, 'சொல்தேடி' என்று ஓர் அகராதிச் செயலி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் முடிவுதான் மிக முக்கியமானது: எந்தக் கணினியில் கட்டுவது? உங்கள் புத்தம்புதிய மடிக்கணினியில் வேண்டாம். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியை ஆப்இமேஜுக்குள் வைப்பது வழக்கமில்லை, அது பயனரின் கணினியிலிருந்தே வரும். புதிய ஜிலிப்சியின் மேல் கட்டிய நிரல் பழைய ஜிலிப்சியில் ஓடாமல் போகலாம், பழையதன் மேல் கட்டியது புதியதில் ஓடும். உபுண்டு 24.04-இல் இருப்பது 2.39, டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 22.04-இல் 2.35. எனவே 24.04-இல் கட்டினால் டெபியன் 12 பயனர்கள் 'ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை' என்ற பிழையோடு வந்து நிற்கக்கூடும். 22.04-இல் கட்டினால் மூவருக்கும் ஓடும். நீங்கள் ஆதரிக்க விரும்பும் டிஸ்ட்ரோக்களிலேயே பழையதை ஒரு டாக்கர் கன்டெய்னரில் (உங்கள் கணினிக்குள்ளேயே தனித்து இயங்கும் சூழலில்) எடுத்து, அதற்குள் கட்டுங்கள். ஷாருன் போன்ற கருவிகள் ஜிலிப்சியையும் சேர்த்தே கட்டி இந்த வரம்பைத் தாண்டுகின்றன. ஆனாலும் முதல் முறை கட்டுபவர்கள் வழக்கமான பாதையிலேயே போவது நல்லது.

அடுத்து, சிமேக்கில் நிறுவும் முன்னொட்டை 'யூஎஸ்ஆர்' என்று வைத்துக் கட்டி, 'டெஸ்ட்டிர்' மாறியின் உதவியோடு 'ஆப்டிர்' என்ற கோப்புறைக்குள் நிறுவுங்கள். நிரல் 'யூஎஸ்ஆர்/பின்'னுக்கும், அகராதித் தரவு 'யூஎஸ்ஆர்/ஷேர்' கோப்புறைக்கும் போயிருக்க வேண்டும்.

இப்போது நிரலைத் திறந்து, அதில் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று தேடுங்கள். பல ஆப்இமேஜ்கள் உடைவது இந்த இடத்தில்தான். தரவுக் கோப்பு எப்போதும் கணினியின் 'யூஎஸ்ஆர்/ஷேர்' அடைவில்தான் இருக்கும் என்று நிரல் நம்பினால், உங்கள் கணினியில் மட்டும் ஓடும். செயலி எங்கிருந்து இயங்குகிறது என்று கியூட்டியிடமே கேட்டு, அங்கிருந்து இரண்டு புள்ளி போட்டு மேலேறி 'ஷேர்' கோப்புறைக்குப் போகும்படி மாற்றுங்கள். பயனர் சேர்க்கும் சொற்களையோ தேடல் வரலாற்றையோ அதே கோப்புறையில் எழுதவும் கூடாது. அது படிக்க மட்டுமே ஆன இடம் என்பதை ஏற்கெனவே பார்த்தோம்.

அப்புறம் லினக்ஸ்டிப்ளாய். அதற்கு ஆப்டிர் எங்கே, டெஸ்க்டாப் கோப்பு எங்கே, ஐகான் எங்கே என்று சொல்லி, கியூட்டி செருகுநிரலையும் சேர்த்து இயக்குங்கள். ஐகான் 256 பிக்சல் சதுரமாக இருக்கட்டும், அதன் பெயர் டெஸ்க்டாப் கோப்பில் உள்ள ஐகான் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். லினக்ஸ்டிப்ளாய் நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தேடி உள்ளே நகலெடுக்கும், அவை தங்களுக்குள்ளேயே ஒன்றையொன்று கண்டுகொள்ளும்படி பாதைகளைத் திருத்தும். ஜிலிப்சி, ஓபன்ஜிஎல் போன்று பயனரின் கணினியிலிருந்தே வர வேண்டியவற்றை ஒரு விலக்குப் பட்டியலைப் பார்த்து விட்டுவிடும். கிராஃபிக்ஸ் டிரைவரோடு பிணைந்த லைப்ரரிகளை உள்ளே திணித்தால் வேறு டிரைவர் உள்ள கணினியில் செயலி சாகும், அதனால் அந்தப் பட்டியலோடு சண்டை போடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் நின்று, ஆப்டிரின் கியூட்டி செருகுநிரல்களுக்குள் 'பிளாட்ஃபார்ம்இன்புட்கான்டெக்ஸ்ட்ஸ்' என்ற கோப்புறை இருக்கிறதா, அதில் ஐபஸ் செருகுநிரல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அகராதியில் தமிழே தட்ட முடியவில்லை என்றால் யாருக்கு என்ன பயன்? திரையில் சாளரங்களைக் காட்டும் முறைகளில் ஒன்றான வேலேண்டுக்குரிய செருகுநிரலையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஆப்இமேஜ்டூல். ஆப்டிரைச் சுருக்கி, முன்னால் ரன்டைமை ஒட்டி, ஒற்றைக் கோப்பாக்குவது அதன் வேலை. கன்டெய்னருக்குள் பெரும்பாலும் ஃபியூஸ் இருக்காது. இந்தக் கருவிகளே ஆப்இமேஜாகத்தான் வருகின்றன என்பதால், 'ஆப்இமேஜ்_எக்ஸ்ட்ராக்ட்_அண்ட்_ரன்' என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு இயக்குங்கள். ஆப்இமேஜ்டூலுக்கு 'யூ' என்ற விருப்பத்தோடு புதுப்பிப்புக் குறிப்பைக் கொடுக்க மறக்காதீர்கள். கிட்ஹப்பில் வெளியிடுவதாக இருந்தால் அதற்கான வகைப் பெயர், உங்கள் பயனர் பெயர், திட்டத்தின் பெயர், 'லேட்டஸ்ட்' என்ற சொல், கோப்புப் பெயரின் வடிவம் என ஐந்தையும் நேர்கோட்டுக் குறியால் பிரித்து எழுத வேண்டும். கூடவே '.இசட்சிங்க்' என்று முடியும் சிறிய கோப்பு ஒன்றும் உருவாகும். ஆப்இமேஜோடு அதையும் வெளியீட்டுப் பக்கத்தில் ஏற்றினால்தான் துண்டு துண்டாகப் புதுப்பிக்கும் வசதி வேலை செய்யும்.

ஏற்றுவதற்கு முன் சோதனை. கட்டிய கணினியில் ஓடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, தேவையான லைப்ரரிகள் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. டெபியன், ஃபெடோரா, ஓபன்சூசே மூன்றின் லைவ் டிரைவ்களிலும், அல்லது மெய்நிகர் கணினிகளிலும், எதையும் நிறுவாமல் அப்படியே திறந்து பாருங்கள். க்னோமிலும் கேடிஇயிலும், எக்ஸ்11-இலும் வேலேண்டிலும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கோப்பைத் திறக்கும் பெட்டி வருகிறதா, இணைய இணைப்பு ஓடுகிறதா, ஐபஸில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து 'க்ஷ', 'கொ', 'ஸ்ரீ' என்று தட்டினால் எழுத்துகள் சரியாகச் சேர்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் ஆப்இமேஜ், இசட்சிங்க் கோப்பு, ஜிபிஜி கையொப்பம் மூன்றையும் ஒரே வெளியீட்டில் ஏற்றுங்கள்.